டஸ்கி: மங்குநிறமா, கருமாநிறமா?

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவப் படிவத்தில் கருமை கலந்த தோல் நிறத்தைக் குறிக்கும் ‘டஸ்கி’ (dusky) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘மங்குநிறம்’ என்று இங்கே ஐயா ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மங்கு என்றால் கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் கருந்திட்டு. ‘முகத்துல மங்கு விழுந்துடுச்சு’ என்றுதான் மருத்துவரிடமே போகிறார்கள். தோல் கோளாறின் பெயரை நல்ல தோலுக்கு வைப்பானேன்?

மாநிறம் இருக்கிறதே என்பீர்கள். அருமையான சொல். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் ‘மாமைக் கவின்’ என்பது மாந்தளிர் போன்ற மேனி அழகை. ஆனால் இன்று கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வரன் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். சிவப்புக்குக் கொஞ்சம் குறைந்தாலும் மாநிறம், கருகருவென்று இருந்தாலும் மாநிறம். காணவில்லை அறிவிப்பிலும் அதே கதை. இடக்கரடக்கலாகத் தேய்ந்துவிட்ட சொல்லை மருத்துவப் படிவத்தில் அப்படியே போட்டால் எதையும் பிரித்துக் காட்டாது.

‘கார்வண்ணம்’ வேண்டவே வேண்டாம். மேகமும் நீலமும் திருக்கண்ணபுரத்து நீலமேகப் பெருமாளுக்குப் பொருந்தும். நோயாளிச் சீட்டில் எழுதினால் சிரிப்பார்கள்.

தோல் வகைகளை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்தபோது பார்த்தது, வெயில் பட்டால் தோல் எரிகிறதா, கறுக்கிறதா என்பதை. அப்போது இருந்தவை 4 வகைகள், எல்லாம் வெள்ளைத் தோலுக்கு. 5, 6 பிறகு சேர்ந்தவை. நமக்குச் சிக்கல் கடைசி மூன்றில்தான். 4-க்கு மாநிறம், 5-க்கு கருமாநிறம், 6-க்கு கருநிறம் என்று வைக்கலாம். டஸ்கிக்கும் கருமாநிறமே சரியாக வரும்.

அப்புறம் கரு, கறு வழக்கு. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். நிறத்துக்கும் அவை உரியவை என்று அடுத்தே சொல்கிறது. கோபத்தில் முகம் கறுக்கிறது, அதாவது மாறுகிறது. பேச்சிலும் இப்படித்தான். ஊருக்குத் திரும்பிய பிள்ளையிடம் ‘ஏன்டா கறுத்து இளைச்சுப் போயிட்டே’ என்று கேட்கிற அத்தை, அவன் பிறந்த நிறத்தைச் சொல்லவில்லை. ஆகவே பிறவி நிறத்துக்குக் ‘கரு’, வெயிலால் வந்ததற்குக் ‘கறு’ என்று பிரித்துக்கொள்ளலாம். இலக்கண விதி என்று சொல்லவில்லை, வசதிக்காகத்தான்.

இந்தப் பிரிவு மருத்துவத்துக்கும் தேவை. குறுவை நடவில் நிற்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார்கள். சட்டையை மடித்தால் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு நிறம், மேற்கையின் உட்புறம் இரண்டு படி வெளுப்பாக இன்னொன்று. இயல்பான நிறத்தை அந்த உட்புறத்தில்தான் அளப்பார்கள். அதற்கு ‘இயல்நிறம்’, மற்றதற்கு ‘வெயில்கறுப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘வெயிற்கறுப்பு’ அல்லவா என்று கேட்க ஆள் இருப்பது தெரியும். புணர்ச்சிப்படி சரிதான், ஆனால் களத்துமேட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.