குறள் 355, 423: இரண்டும் சொல்லும் அறிவு ஒன்றுதானா?

வைகைக்கரை:
திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு வரிசையாக வாசித்து வருகிறேன். துறவறவியலில் மெய்யுணர்தல் அதிகாரத்தில் வரும் ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ என்ற குறளும் (355), அரசியலில் அறிவுடைமை அதிகாரத்தில் வரும் ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்ற குறளும் (423), ‘அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்றே முடிகின்றன. வீடுபேற்றை நாடும் துறவியிடமும் நாடாளும் அரசனிடமும் வள்ளுவர் எதிர்பார்க்கும் அறிவு ஒன்றுதானா? உரை மரபில் ஆழ்ந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி:
ஐயா, அவை இரண்டும் வேறு என்பதே என் முடிவு. 423-க்கு உரை எழுதும்போது பரிமேலழகர், உயர்ந்த பொருள் இழிந்தார் வாயிலும், இழிந்த பொருள் உயர்ந்தார் வாயிலும், உறுதிப்பொருள் பகைவர் வாயிலும், கெடுபொருள் நண்பர் வாயிலும் சில வேளைகளில் கேட்கப்படும் என்கிறார். சொன்னவர் யார் என்பதால் மயங்காமல், சொல்லப்பட்டதன் பயனை எடைபோட்டுப் பார்ப்பதே இங்கே அறிவு.

355-இன் உரையோ முற்றிலும் வேறு திசையில் செல்கிறது. ‘கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை’ என்ற நீண்ட பெயரை எடுத்துக்கொண்டு, அரசன் என்ற சாதியும் சேரமான் என்ற குடியும் யானை நோக்கு என்ற வடிவும் இயற்பெயரும் சிறப்புப்பெயரும் ஒரு பொருளின்மேல் ஏற்றிய கற்பனைகளே என்று ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். பிறகு, எஞ்சிய தத்துவங்களையும், அதாவது நிலம் முதல் உயிர் வரையான அடிப்படைக் கூறுகளையும், அவற்றின் காரணங்களுக்குள் ஒடுக்கிக்கொண்டே போய், காரணமும் காரியமும் இல்லாமல் முடிவாய் நிற்பதை உணரச் சொல்கிறார். உரைநூல்களில் இத்தனை துணிவான ஓர் எடுத்துக்காட்டு அரிது. குடியையும் பெயரையும் கற்பனை என்று கழித்துவிட்ட ஒருவரால் துறக்க முடியும்; தீர்ப்பு வழங்க முடியாது.

நெய்தல்:
ஏட்டுச்சுவடி அவர்களின் விளக்கம் எனக்கும் உடன்பாடே. ஆயினும் இந்த இரண்டு அறிவுமே பொருளைப் பற்றியவை. மனிதரைப் புரிந்துகொள்வதற்கு வள்ளுவர் தனியே இடம் ஒதுக்கியிருக்கிறார். ‘குறிப்பறிதல்’ என்ற அதே தலைப்பைப் பொருட்பாலில் 71-ஆம் அதிகாரத்துக்கும் காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரத்துக்கும் வைத்திருக்கிறார். முன்னதில் அரசன் கருதுவதை அவன் கூறாமலே அமைச்சன் அறிகிறான். பின்னதில் தலைவியின் ஒரு நோக்கு நோயாகவும் மற்றொன்று அந்நோய்க்கு மருந்தாகவும் இருப்பதைத் தலைவன் காண்கிறான்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. ஆனால் இங்கே எனக்கு இன்னொரு முரண் தோன்றுகிறது. அகத்தில் உள்ளதை ஐயப்படாமல் உணர்பவனைத் தெய்வத்தோடு ஒப்பக் கொள்ள வேண்டும் என்கிறது 702. ‘அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம்’ என்கிறது 1110. ஒருவரை ஐயமின்றி உணர முடியுமானால், அறிய அறிய அறியாமை ஏன் தோன்ற வேண்டும்?

நெய்தல்:
அமைச்சன் தேடுவது சினமா, உவப்பா என்ற ஒரு விடையை மட்டுமே. முகம் அதைக் காட்டியவுடன் அவனுடைய வேலை முடிந்துவிடுகிறது. மேலும், அரசன் அவனைத் திருப்பி வாசிக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. காதலில் இருவரும் ஒருவரையொருவர் வாசிக்கிறார்கள். கண்ணொடு கண் ஒத்துவிட்டால் வாய்ச்சொற்களால் பயனில்லை என்று 1100-ஆம் குறள் சொல்வது அதனால்தான். அந்த ஒப்புதலுக்குப் பிறகும் அறிதல் நிற்பதில்லை.

1110-இல் அறியாமை புதிதாகப் பிறப்பதாக நான் கொள்ளவில்லை. நூல்களாலும் நுண்ணுணர்வாலும் பொருள்களை அறிய அறிய ‘முன்னை அறியாமை’ கண்டாற்போல என்றுதான் பரிமேலழகர் உரை எழுதுகிறார். நேற்றுவரை தலைவியை முழுவதும் அறிந்ததாக எண்ணியிருந்த தலைவன், இன்று அவளிடம் புதிதாக ஒன்றைக் கண்டதும், நேற்றைய அறிவு எத்தனை குறைவானது என்று உணர்கிறான். கல்வியைக் காதலுக்கு உவமையாக வைத்த இக்குறளை, காமத்துப்பால்தானே என்று பள்ளிப் பாடத்திலிருந்து ஒதுக்கிவிடுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.