ஏ.சி. போட்டால் என்ஜின் நடுங்குகிறது; வெயில் ஏறினால் ஏ.சி.யே நின்றுவிடுகிறது: உதவி தேவை

மணப்பாறை ஓட்டுநர், மே 4, இரவு

வணக்கம். 2012 மாடல் சிறிய பெட்ரோல் கார். 1.1 லிட்டர், நான்கு சிலிண்டர். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் வாங்கியது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இன்னொருவரிடமிருந்து.

வண்டி நிற்கும்போது ஏ.சி. பொத்தானை அழுத்தினால் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றிக்கொண்டிருந்த ஐடிலிங் வேகம் 500-க்கு விழுகிறது. ஸ்டீயரிங் வரைக்கும் நடுக்கம் வருகிறது. சில நேரம் அணைந்தே போகிறது. இது முதல் தொல்லை. நண்பகலில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட்டியதும் குளிர் போய் வெறும் காற்று வருகிறது. ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தி எடுத்தால் மறுபடி நன்றாக இருக்கிறது. இது இரண்டாவது.

நின்ற நிலையில் என்ஜினுக்குக் காற்று விடும் ஐடிலிங் வால்வைப் புதிதாக மாற்றியாகிவிட்டது. மாற்றம் எதுவும் இல்லை. ஏ.சி. கேஸும் புதிதாக நிரப்பினார்கள். இப்போது கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாதம் இருமுறை அம்மாவைத் திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். கத்திரி வெயிலில் அவரால் தாங்க முடியவில்லை. பணத்தைக் கொட்டுவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பயன்படுத்தத் தெரியும்.

கடலூர் வாசகர், மே 4, இரவு

என் வண்டியிலும் இப்படித்தான் நின்று நின்று வந்தது. கேஸ் கசிந்திருந்தது. புதிதாக நிரப்பியதும் எங்கேயோ கசிகிறதா என்று பாருங்கள்.

மணப்பாறை ஓட்டுநர், மே 5, காலை

நன்றி. பட்டறையில் கேஸ் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்த்ததைக் குறித்து வைத்திருக்கிறேன். என்ஜின் நின்றிருந்தபோது இரண்டு பக்கமும் சுமார் 95 பி.எஸ்.ஐ. ஓடும்போது, கம்ப்ரஸருக்குள் கேஸ் போகும் தாழ்பக்கம் 35, அழுத்தப்பட்டு வெளிவரும் உயர்பக்கம் 220. அங்கே, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கு முன்னால் பெரிய மின்விசிறி ஒன்றை வைத்துத்தான் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர், மே 5, காலை

கார் ஏ.சி.யில் இருக்கும் ஆர்-134ஏ வாயுவுக்கு 30 டிகிரி வெப்பத்தில் நின்ற நிலை அழுத்தம் ஏறத்தாழ அந்த 95-தான். ஆனால் அந்த எண் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அளவு போதுமா என்பதை ஓடும்போது கிடைத்த 35, 220 என்ற எண்கள்தான் சொல்கின்றன. அவை நன்றாகவே இருக்கின்றன. கேஸைப் பற்றிய சந்தேகத்தை விட்டுவிடலாம்.

தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்ன மின்விசிறிதான் என்னை உறுத்துகிறது. அதை வைத்ததால் அளவு அழகாக வந்திருக்கலாம். வீட்டில், அது இல்லாமல், ஏ.சி. போட்டதும் வண்டியின் சொந்தக் கண்டென்சர் விசிறி சுற்றுகிறதா?

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன், மே 5, மதியம்

27 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். தம்பி, கம்ப்ரஸருக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கேஜ் அளவே அதற்குச் சாட்சி. கம்ப்ரஸரை என்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் ஒட்டியிருக்கும் நேரத்தில் அது நன்றாக அழுத்துகிறது.

உங்கள் வண்டி போன்றவற்றில் மின்சாரம் போகும் வழி இதுதான். பொத்தான், அதன்பின் குளிர்ச்சுருளில் இருக்கும் தெர்மோஸ்டாட், அதன்பின், அழுத்தம் எல்லை மீறினால் நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச். இவற்றைக் கடந்து வருவது நேராகக் கம்ப்ரஸருக்குப் போவதில்லை. ‘ஏ.சி. கேட்கிறார்கள்’ என்ற செய்தியாக, என்ஜினை நடத்தும் கணினியான இ.சி.யு.வுக்குப் போகிறது. இ.சி.யு. முதலில் ஐடிலிங் வால்வைத் திறந்து காற்றைக் கூட்டும். என்ஜின் வேகம் கொஞ்சம் ஏறும். அதற்குப் பிறகுதான் ரிலே என்ற மின்காந்த ஸ்விட்சின் காயிலுக்கு எர்த் கொடுக்கும். ரிலே கிளட்சுக்கு 12 வோல்ட் அனுப்பும். கண்டென்சர் விசிறியையும் அதே செய்தியை வைத்துத்தான் ஓட்டும். சுமை வரப்போகிறது என்று என்ஜினுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். உங்கள் என்ஜினுக்கு அது தெரியவில்லை என்றே எனக்குப் படுகிறது.

நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ப்ளோயரையும் ஏ.சி.யையும் போடுங்கள். கிளட்ச் ‘டக்’ என்று ஒட்டும் சத்தம் கேட்கக் கூடாது. என்ஜின் ஓடாதபோது இ.சி.யு. அந்த ரிலேயை இழுக்காது.

என்ஜினை ஓட்டி ஏ.சி. போடும்போது, வேகம் ஏறிய பிறகு ‘டக்’ வருகிறதா, ‘டக்’ வந்த பிறகு வேகம் விழுகிறதா என்று கவனியுங்கள்.

ஆசிரியர் ஐயா கேட்ட விசிறியைப் பாருங்கள்.

கடைசியாக, கிளட்ச் ஒட்டியிருக்கும்போது மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பு முனையை கிளட்ச் கனெக்டரின் பின்பக்கம் செருகிய ஊசியிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் வழியில் எங்கோ வோல்ட்டேஜ் தொலைகிறது. குளிர்ந்திருக்கும்போது ஒன்று, சூடானபின் ஒன்று எடுங்கள். பெல்ட் ஓடும் இடம். துண்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் வேண்டாம். யார் சொன்னாலும் பிரஷர் ஸ்விட்சை வயர் போட்டு இணைத்துப் பார்க்காதீர்கள். அது உயிரைக் காக்கும் பொருள்.

மணப்பாறை ஓட்டுநர், மே 6, மாலை

அண்ணன், ஐயா, இருவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

என்ஜின் ஓடாமலே ‘டக்’ என்று ஒட்டுகிறது. ஓடும்போது ‘டக்’ முதலில் வருகிறது, வேகம் அதன்பின் விழுகிறது, ஏறுவதே இல்லை. கண்டென்சர் விசிறி ஏ.சி. போட்டதும் சுற்றவில்லை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் சுற்றுகிறது. கேஜை இரவல் வாங்கி, வெளி விசிறி இல்லாமல் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் உயர்பக்கம் 330 பி.எஸ்.ஐ. தாண்டியது. பயந்து அணைத்துவிட்டேன்.

வோல்ட்டேஜ் இழப்பு குளிர்ந்தபோது 1.2, சூடானபோது 2.4. ரிலேயின் தலையில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கிளட்ச் காயிலின் தடை குளிர்ந்தபோது 3.7 ஓம், சூடானபோது 4.6 ஓம். காயில் கெட்டுவிட்டதா?

ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர், மே 6, இரவு

காயில் நலமாக இருக்கிறது. தாமிரத்தின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 25 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் கால் பங்கு கூட வேண்டும். 3.7 ஓம் 4.6 ஆனது அந்தக் கணக்கேதான்.

ஆனால் அது கிளட்சை என்ன செய்கிறது என்று பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் என்று கொண்டால், குளிர்ந்தபோது கிளட்சுக்குக் கிடைப்பது 12.6 வோல்ட், 3.4 ஆம்பியர் ஓடும். சூட்டில் கிடைப்பது 11.4 வோல்ட், ஓடுவது 2.5 ஆம்பியருக்கும் குறைவு. மின்னோட்டம் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைய, காந்தத்தின் இழுவை ஏறக்குறைய பாதியாகத் தளர்ந்துவிடுகிறது. கிளட்ச் ஒருமுறை ஒட்டிவிட்டால் அந்த இழுவையே பிடித்து வைத்திருக்கப் போதும். தெர்மோஸ்டாட் நிறுத்திவிட்டு மறுபடி அழைக்கும்போதுதான், இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடியாமல் போகிறது. அதனால்தான் இருபது நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு நிற்கிறது. கிளட்ச் தட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டு அளவியால் அளந்து பாருங்கள். பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன், மே 6, இரவு

ஐயா சொன்னதுதான் இரண்டாவது தொல்லைக்குக் காரணம். ரிலேயின் உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கிறது. கிட்டத்தட்ட 2 வோல்ட் அங்கேயே வெப்பமாகிப் போகிறது.

முதல் தொல்லையை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கு முன்னால் யாரோ இ.சி.யு.வைத் தவிர்த்து நேர் வயர் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே இந்த ரிலே தகராறு செய்திருக்கும், இ.சி.யு. எர்த் கொடுக்கவில்லை என்று தவறாக நினைத்திருப்பார்கள். ஒரு வயரைக் குறுக்கே போட்டால் ஏ.சி. ஓடும்தான். ஆனால் என்ஜினுக்குச் செய்தி போகாது, விசிறி சுற்றாது. பிரஷர் ஸ்விட்சும் வழியில் இல்லாமல் போயிருந்தால், 32 கிலோ அழுத்தத்தில், அதாவது சுமார் 455 பி.எஸ்.ஐ.யில் நிறுத்த வேண்டிய காவலே இருக்காது. விசிறி சுற்றாததால் அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் என்ஜினை இன்னும் அழுத்துகிறது. வண்டி அணைந்துபோவது அதனால்தான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ரிலே பெட்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். 85, 86 என்று எண் போட்ட கால்களுக்கு வரும் வயர்களைப் பின்தொடருங்கள். நிறம் மாறி, டேப் சுற்றி ஒன்று கட்டாயம் இருக்கும். அது வெளியே வரும்வரை ஏ.சி. போட வேண்டாம்.

மணப்பாறை ஓட்டுநர், மே 8, காலை

இருந்தது. நீல நிற வயர் ஒன்று தெர்மோஸ்டாட்டுக்கு அடுத்த இணைப்பிலிருந்து நேராக 86-க்கு வருகிறது. 85 பாடியின் போல்ட் ஒன்றில் முறுக்கிக் கட்டப்பட்டு, பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இ.சி.யு.வுக்குப் போக வேண்டிய வயரை வெட்டி டேப் சுற்றிவிட்டிருக்கிறார்கள். பிரஷர் ஸ்விட்சின் கனெக்டர் செருகியபடியே இருந்தாலும் அதற்கு வேலையே இல்லை. அம்மாவை வைத்துக்கொண்டு இப்படியே இரண்டு கோடை ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கிளட்ச் இடைவெளி 0.9 மில்லிமீட்டர்.

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன், மே 8, காலை

பயப்படாதீர்கள், கண்டுபிடித்துவிட்டீர்கள். வெட்டிய வயர்களைச் சாலிடர் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு இணையுங்கள். வெறும் முறுக்கு வேண்டாம். புதிய ரிலே போடும்போது சாக்கெட்டின் உள்ளே இருக்கும் தகடுகளையும் பாருங்கள். கருகித் தளர்ந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் புது ரிலேயும் ஆறு மாதத்தில் கருகும். கிளட்ச் தட்டைக் கழற்றி மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்தால் இடைவெளி குறையும். மூன்று இடங்களில் அளந்து சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் கேஸைத் திறக்க வேண்டியதில்லை.

மணப்பாறை ஓட்டுநர், மே 12, இரவு

நேற்று முடிந்தது. ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்தேன். ரிலே, சாக்கெட் தகடுகள், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய்.

என்ஜின் ஓடாதபோது இப்போது ‘டக்’ இல்லை. ஓடும்போது ஏ.சி. போட்டால் வேகம் 900-க்கு ஏறுகிறது, அதன்பின் ‘டக்’, உடனே விசிறி. நின்ற இடத்தில் உயர்பக்கம் 235 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவில்லை. வோல்ட்டேஜ் இழப்பு சூட்டிலும் 0.3-தான். இடைவெளி 0.5 மில்லிமீட்டர். இன்று மதியம் அம்மாவுடன் திருச்சி போய்வந்தேன். வெளியே 39 டிகிரி. காற்று வரும் துவாரத்தில் வெப்பமானி 9 காட்டியது. சிக்னலில் நின்றபோது 11. அம்மா வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தார்.

ஒரே ஒரு சந்தேகம். காலையில் முதல் இரண்டு நிமிடம் வேகம் 1,100 வரை போய்விட்டுத்தான் இறங்குகிறது. புதிய ஐடிலிங் வால்வுதான் காரணமா?

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன், மே 12, இரவு

இல்லை தம்பி. குளிர்ந்த என்ஜினுக்கு அது இயல்புதான். சூடான பிறகும் 1,100-லேயே நின்றால் மட்டும் எழுதுங்கள். பழைய ஐடிலிங் வால்வைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

மணப்பாறை ஓட்டுநர், மே 13, காலை

இல்லை அண்ணன், கார்பனைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ரிலே பெட்டி மூடியின் உள்பக்கத்தில், எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று வரைந்து ஒட்டிவிட்டேன். நீல வயரை அந்தப் பழைய ரிலேயோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு பழைய உரிமையாளரைப் பார்க்கப் போகிறேன். அவருடைய இன்னொரு காருக்கும் அதே ஆள்தான் வயரிங் செய்தாராம்.