காலண்டர் செயலியில் வாராந்தரக் கூட்டம் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது: உதவி தேவை

விண்டோஸ் 11 கணினியில் ஒரு டெஸ்க்டாப் காலண்டர் செயலி வைத்திருக்கிறேன். கால்டாவ் (காலண்டர்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) வழியாக அலுவலக சர்வரோடும் மொபைலோடும் இணைத்திருக்கிறேன். திங்கள்தோறும் லண்டன் நேரம் காலை 10 மணிக்கு ஒரு கூட்டம். மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை முன்னே நகர்த்தியதிலிருந்து அது 11 மணி என்று காட்டுகிறது. மொபைலிலும் அதே தவறு. ஒருமுறை மட்டும் நடக்கும் நிகழ்வுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

கணினியின் நேர மண்டலம், செயலியின் நேர மண்டலம் இரண்டையும் சரிபார்த்தேன். செயலியைப் புதுப்பித்தேன், கணக்கை நீக்கித் திரும்பச் சேர்த்தேன். மாற்றமில்லை. அப்புறம் நிகழ்வை ஐசிஎஸ் கோப்பாக (காலண்டர் நிகழ்வுகளைச் சேமிக்கும் உரைக் கோப்பு) ஏற்றுமதி செய்து நோட்பேடில் திறந்து பார்த்தேன். தொடக்க நேரம் 'இசட்' எழுத்தில் முடிகிறது, அதாவது யுடிசி நேரமாகவே (கோடையிலும் மாறாத உலகப் பொது நேரம்) பதிவாகியிருக்கிறது. 'யூரோப்/லண்டன்' என்ற மண்டலப் பெயர் எங்கும் இல்லை. கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன். இப்போது புதிதாக ஒரு தொடரைப் போட்டாலும் இப்படியே பதிவானால் அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தைப் பின்னே நகர்த்தும்போது மறுபடி நேரம் மாறிவிடும்.

செயலியை மாற்ற மனமில்லை. இணையம் இல்லாமலும் வேலை செய்கிறது, பல வருட நிகழ்வுகளையும் நொடியில் தேடித் தருகிறது. தொடரை அழித்துப் புதிதாகப் போடவும் முடியாது. பழைய கூட்டக் குறிப்புகளும், சில வாரங்களுக்கு மட்டும் நாள் மாற்றிவைத்த கூட்டங்களும் அதில்தான் இருக்கின்றன.

ஐசிஎஸ் கோப்பில் மண்டலப் பெயரைக் கையால் சேர்த்து, அதே யுஐடியோடு (நிகழ்வின் தனி அடையாள எண்) மீண்டும் இறக்குமதி செய்தால், நாள் மாற்றிய அந்தக் கூட்டங்கள் கலையாமல் இருக்குமா?