புதுப்பிப்பு: ஆண் இணையராக மொரீசியஸ் சென்று திரும்பினோம்

மாலத்தீவு, இலங்கை, மொரீசியஸ் ஆகிய மூன்றில் ஆண் இணையர் அச்சமின்றித் தங்கக்கூடிய தீவு எது என்று சென்னையிலிருந்து புறப்படும் முன் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

முதல் இரண்டிலும் தன்பாலுறவு இன்னும் சட்டப்படி குற்றம் என்பதையும், மொரீசியஸில் 2023 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டதையும் ஒருவர் சுட்டிக்காட்டியதால் முடிவு எளிதாயிற்று. ஆனால் உண்மையில் கைகொடுத்தது, பணம் கட்டும் முன்பே “இரண்டு ஆண்கள், ஒரே கட்டில்” என்று விடுதிக்கு வெளிப்படையாக எழுதிப் பதில் வாங்கச் சொன்ன இன்னொருவரின் யோசனைதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அறையில் தனித்தனிக் கட்டில்களே இருந்தன; அந்த மின்னஞ்சலைக் காட்டியதும், எந்தக் கேள்வியும் இல்லாமல் கால் மணி நேரத்தில் வேறு அறை கிடைத்தது.

விசாவுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையிருக்கவில்லை. கிராண்ட் பே கடற்கரையில் யாரும் எங்களைப் பொருட்படுத்தவில்லை, ஆயினும் நாங்கள் கைகோத்து நடக்கவில்லை; மெரினாவில் பழகிய கூச்சம் அவ்வளவு விரைவில் போவதில்லை. ஒருபால் திருமணத்துக்கு அங்கே சட்ட ஏற்பு இல்லை என்பதையும் செல்பவர்கள் நினைவில் கொள்ளவும்.

எதிர்பாராதது ஒன்று: அந்நாட்டு ரூபாய்த் தாளில் மதிப்பு தமிழ் எழுத்திலும், நம்மில் பலருக்குப் படிக்கத் தெரியாத தமிழ் எண்ணிலும் அச்சாகியிருந்தது. ஒரு தாளை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.