வெள்ளாமைக் காலத்துக் காய்ச்சல்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

வவுணதீவு மகள்

அப்பாவின் குதிக்காலைப் பற்றித்தான் எழுத வந்தேன். மூன்று வருசமாகியும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. பெரும்போகம் விதைத்த கையோடு காய்ச்சல், இருமல், ஆள் மெலிந்துகொண்டே போனார். முதலில் காட்டிய இடத்தில் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டுச் சயரோகமாக இருக்கலாம் என்றார்கள், சளியைச் சோதித்தால் ஒன்றும் இல்லை. ஊசி போட்டால் கொஞ்சம் குறையும், மறுகா ஏறும். இடையில் தொடையில் ஒரு கட்டி வேறு. இரண்டாவதாகக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், பெண்பிள்ளை, நான் நீட்டிய ரிப்போட் கட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நேராகப் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். பித்தவெடிப்புக்குள் இன்னும் வயல்மண் இருந்தது.

"ஐயா, வெறுங்காலோடயா வட்டைக்குள்ள இறங்குறீங்க?"

"வேற எப்பிடி மகள் இறங்குற?" என்று அப்பா சிரித்தார், அந்தக் காய்ச்சலிலும்.

அவர் இரத்தமும் கட்டியில் இருந்து எடுத்த சீழும் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு அனுப்பி, ஆய்வுகூடத்துக்கு போன் எடுத்து, "சீனி வருத்தக்காரர், வயல் வேலை, அவசரப்பட்டு எறிஞ்சிராதீங்க, இன்னும் ரெண்டு மூணு நாள் வச்சுப் பாருங்க" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மூன்றாம் நாள் பெயர் வந்தது. மெலியோய்டோசிஸ். எனக்கு அந்தப் பெயரைச் சொல்லவே ஒரு கிழமை எடுத்தது.

இது மண்ணிலும் தண்ணியிலும் இருக்கிற கிருமி. மழை கூடினால் மேலே வரும், காலில் உள்ள வெடிப்பால் உள்ளே போகும், சில நேரம் மூச்சாலும் போகும். சீனி வருத்தக்காரருக்கு வாய்ப்புப் பன்னிரண்டு மடங்கு வரை கூட என்று ஆய்வுகள் சொல்கின்றன. அல்பிரட் விட்மோர் ரங்கூனில் 1911இலேயே கண்டுபிடித்திருக்கிறார், இலங்கையில் 1927இல் ஒரு தேயிலைத் தரகருக்கு வந்தது பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு இங்கே அபூர்வம் அபூர்வம் என்றே இருந்துவிட்டார்கள். கொழும்பு மருத்துவ பீடத்து நுண்ணுயிரியல்காரர்கள், எனொக்கா கொரெயா போன்றவர்கள், தேடித்தேடிக் கல்ச்சர்களைச் சேர்த்த பிறகுதான் இது நாடு முழுக்க இருக்கிறது என்று தெரிந்தது. வழமையாகப் போடுகிற பல ஊசிகளுக்கு இது அசையாது. அப்பாவுக்கு செப்டாசிடீம் இரண்டு கிழமைக்கு மேல் ஏற்றினார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு கோட்ரைமொக்சசோல் மாத்திரை, இடையில் விட்டால் திரும்பி வரும் என்று எழுத்தில் தந்துவிட்டார்கள்.

சின்ன வயதில் அந்தக் குதிக்காலைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி விடுவது நான்தான். அதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் வீடுகளில் யாருக்காவது இப்படி நடந்ததா?

வட்டை ஓரம், சம்மாந்துறை

எங்கள் காக்காவுக்கு, மூத்த அண்ணனுக்கு, எலிக்காய்ச்சல். நீட்டி எழுத மனம் வரவில்லை.

கெண்டைக்காலைத் தொட விடவில்லை. உம்மா எண்ணெய் தடவப் போனா, தொட்டதும் அந்தப் பெரிய மனிசன் கத்தினார், அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கண் ரெண்டும் இரத்தச் சிவப்பு. களைப்பு என்று நினைத்தோம், பனடோல் குடுத்தோம், மூணு நாள். நாலாம் நாள் சிறுநீர் குறைந்துவிட்டது, அதுக்குப் பிறகுதான் ஓட்டோ பிடித்தோம். சிறுநீரகத்துக்கு மெசின் போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஆள் தப்பினார்.

உடுப்பைக் கழுவ எடுத்த இடத்தில் சேட் பொக்கட்டுக்குள் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வட்டைக்கு வந்து குடுத்த மாத்திரைப் பக்கெட் கிடந்தது. டொக்சிசைக்ளின், எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே குடிக்கிற மாத்திரை. உடைக்கவே இல்லை. வாப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் இருந்த இருப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. தயவு செய்து குடுக்கிற மாத்திரையைக் குடியுங்கள். குடித்தால் வராது.

கல்லாற்றுத் தோணி

எனக்கு வயல் இல்லை, எங்களுடையது கடல்கரை. ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

2017. நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவான வருசம். தம்பிக்குப் பதினொரு வயது. மூன்று நாள் கொதித்த காய்ச்சல் நாலாம் நாள் விடிய விட்டுவிட்டது. அம்மம்மா கோயிலுக்கு நேர்ந்ததைக் கூட எடுத்து வைத்துவிட்டா. பத்து மணி போல அவன் கையைப் பிடித்தேன், ஐஸ்கட்டி. வயிறு நோகுது அக்கா என்று மட்டும் சொன்னான். காய்ச்சல் விடுகிற நேரம்தான் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிகிற நேரம் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வார்ட்டில் மணிக்கு மணி அளந்து சேலைன் ஏற்றி அவனை மீட்டார்கள்.

ஆனால் எனக்கு உறுத்துகிற விசயம் வேறு. வளவை நாங்கள் எப்போதும் துப்புரவாகத்தான் வைத்திருந்தோம், பூச்சாடி, சிரட்டை, டயர் ஒன்றும் இல்லை. அப்பப்பாவின் பழைய தோணி மட்டும் வேலி ஓரம் கிடந்தது. உப்புத் தண்ணி தானே, அதில் நுளம்பு வராது என்று ஆருமே பார்க்கவில்லை. தம்பி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வெள்ளைக் கோப்பையால் அந்தத் தண்ணியை அள்ளினேன். குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

பிறகு கம்பஸ் போன காலத்தில்தான் 2011இல் வந்த ஆய்வை வாசித்தேன். ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சுரேந்திரன் ஆகியோருடன் எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் சேர்ந்து செய்தது. மட்டக்களப்புப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் கைவிட்ட தோணி, பாவிக்காத கிணறு, எறிந்த போத்தல் என்று தேடிப் பார்த்து, டெங்கு நுளம்பு உவர்த் தண்ணியிலும் வளர்கிறது என்று காட்டியிருந்தார்கள். கடல் தண்ணியில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு என்றால், 15 பங்கு வரை இருந்த தண்ணியில் குடம்பி இருந்திருக்கிறது. எங்கள் தோணிக்கு ஆறு வருசத்துக்கு முன்னமே அது அச்சில் வந்துவிட்டது. அதை ஆராவது ஒரு துண்டுப் பிரசுரமாக எங்கள் ஊருக்குக் கொண்டுவந்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

விதானையார் பேரன், திருக்கோவில்

மூன்றையும் வாசித்தேன். என் கதை சின்னது: 2008இல், நாடு முழுக்க ஏழாயிரத்துக்கு மேல் எலிக்காய்ச்சல் சந்தேக நோயாளர்கள் பதிவான அந்த வருசம், எனக்கும் வந்தது, ஒன்பது நாள் வார்ட், அவ்வளவுதான். ஆனால் சம்மாந்துறைத் தம்பி எழுதிய கடைசி வரியை அப்படியே விட முடியாது.

"குடித்தால் வராது" என்று சொல்லாதீர்கள் தம்பி. நான் பக்கெட் பக்கெட்டாக மாத்திரை பங்கிட உதவின ஆள், மாத்திரைக்கு எதிரி இல்லை. 1980களில் பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த அமெரிக்கப் படையினருக்கு வாரம் 200 மில்லிகிராம் குடுத்துப் பார்த்தார்கள், மாத்திரை குடித்தவர்களில் நோய் வந்தது அபூர்வம், சரி. ஆனால் அவர்கள் அங்கே நின்றது சில கிழமைகள். நம் ஆட்கள் ஆயுசு முழுக்கச் சேற்றில் நிற்கிறவர்கள். அந்தமானில் நம்மைப் போல ஊர்ச் சனத்துக்குக் குடுத்துப் பார்த்ததில், கிருமி உடம்புக்குள் போவது குறையவில்லை, நோயாக விழுவதுதான் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பாதி என்பது பெரிய விசயம், அதனால் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் "நான் மாத்திரை குடிச்சனான், எனக்கு எலிக்காய்ச்சல் இல்ல" என்று காய்ச்சலோடு வாடிக்குள் படுத்துக்கிடந்த ஆளை நான் கண்டிருக்கிறேன். உங்கள் வரியை வாசித்துவிட்டு இன்னொருவர் அப்படிப் படுத்தால்?

அப்புறம் குடிக்கிற முறை. வயலில் இறங்க முன்னமே தொடங்க வேண்டும், இறங்குகிற காலம் முழுக்க வாரத்துக்கு ஒருக்கால், கிழமையில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணியோடு, குடித்த உடனே படுக்கக் கூடாது, நெஞ்சு எரிந்துபோகும். வெறுவயிற்றில் குடித்து வாந்தி எடுத்துவிட்டு "இது நமக்கு ஒத்து வராது" என்று எறிகிறவர்கள்தான் பாதிப்பேர். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தாமாக எடுக்கக் கூடாது, பி.எச்.ஐயிடம் அல்லது எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில் கேட்டுத்தான். எலியை மட்டும் குறை சொல்லவும் வேண்டாம், மாடு, எருமை, நாய் எல்லாவற்றின் சிறுநீரிலும் கிருமி வரும், எருமை புரண்ட குட்டைத் தண்ணியில் முகம் கழுவுகிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் "நான் வெள்ளாமை செய்யிற ஆள், இத்தனை நாளைக்கு முன்னம் சேத்தில் இறங்கினேன்" என்று முதல் வாயிலேயே சொல்லுங்கள்.

வவுணதீவுத் தங்கச்சி, சப்பாத்துப் போடச் சொல்லியிருப்பார்கள் அப்பாவுக்கு. முழங்கால் புதைகிற சேற்றில் கம்பூட்ஸ் போட்டவன் சப்பாத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும்தான் வெளியே எடுப்பான். அதைச் சொல்கிறவர்கள் ஒருநாள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

வட்டை ஓரம், சம்மாந்துறை

அண்ணன், நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். நான் கணக்குச் சொல்ல வரவில்லை. உடைக்காத பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்த வாப்பாவைப் பார்த்தவன் நான். அந்த வரியை "குடித்தால் இவ்வளவுக்கு வந்திருக்காது" என்று மாற்றி வாசியுங்கள்.

மருதமுனைத் தறி

எலியும் டெங்கும் எல்லோருக்கும் ஞாபகம், 2006 கடைசியில் வந்த சிக்குன்குன்யாவை ஆரும் சொல்லவில்லை. சாவு இல்லாததால் மறந்துவிட்டோம் போல. 1960களுக்குப் பிறகு நாற்பது வருசம் இந்த நாட்டில் பேச்சே இல்லாமல் இருந்த நோய், திடீரென்று எங்கள் கல்முனைப் பக்கமும் மட்டக்களப்பிலும் விழுந்தது.

எனக்கு ஞாபகம் இருப்பது சத்தம். எங்கள் தெருவில் சுபஹுக்குப் பிறகு தறிச் சத்தம் ஓயாது, நான் பிறந்ததில் இருந்து அப்படித்தான். அந்தக் கிழமை ஒருநாள் எழும்பினேன், தெரு அமைதி. ஒரு தறி கூட ஓடவில்லை. வீட்டுக்கு வீடு ஆட்கள் கையை மடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தன்சானியாப் பக்கத்து மக்கொண்டே மொழியில் அந்தப் பெயருக்கே வளைந்துபோவது என்றுதான் பொருளாம், பிறகுதான் வாசித்தேன். உம்மாவுக்குக் காய்ச்சல் ஒரு கிழமையில் போய்விட்டது, விரல் மூட்டு எட்டு மாதம் வீங்கிக் கிடந்தது. அறுந்த நூலை முடிச்சுப் போட அவவுக்கு ஏலாமல் போனதை நான் பார்த்தேன். நூலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டா, அவ அதற்கு முன் அதற்கு ஆரையும் கூப்பிட்டதில்லை.

வவுணதீவு மகள்

எல்லாருக்கும் நன்றி. திருக்கோவில் அண்ணனுக்கு: கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம்தான், நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது, ஒன்று சேற்றுக்குள்ளேயே போய்விட்டது. இப்போது அப்பா உள்ளே இறங்குவதில்லை, வரம்போடு சரி. சீனியும் கட்டுக்குள் இருக்கிறது, கிளினிக் தவறுவதில்லை. குதிக்காலுக்குக் களிம்பு பூசிப் பிளாஸ்டர் ஒட்டுவது இப்போதும் என் வேலை.

போன கிழமை களை பிடுங்க வந்த ஆட்களை வரம்பில் இருக்க வைத்து, ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். ஒரு பையனுக்குப் பெருவிரலில் வெட்டுக்காயம். "நீ இண்டைக்கு இறங்காத, சம்பளம் தாறன், வாய்க்கால் கதவைப் பாத்துக்கொண்டு இரு" என்றார். அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான்.