பாட்டி, இவ என் கூட்டாளி

கூட்டாளியை வீட்டுக்கு அழைத்து வரும் பிள்ளையிடம் "இது யாருப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "என் பிரெண்டு" என்று மட்டும் பதில் வரும். அடுத்த நொடி இரண்டு பேரும் அறைக்குள் ஓடியிருப்பார்கள். வாசலில் நிற்கும் பாட்டிக்கு வந்தவனின் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.

நான் மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் பாலர் பள்ளி ஆசிரியை. நான்கு முதல் ஆறு வயது வரையிலான தமிழ், சீன, மலாய்ப் பிள்ளைகள் கலந்த வகுப்பு. பிள்ளைகளின் பெயர்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அப்படி ஓடுவது மரியாதைக் குறைவால் இல்லை. தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்றே அது நம்புகிறது. 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்சி என்ற பையன் சாக்லெட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்சி எங்கே தேடுவான்? ரொம்பச் சின்னப் பிள்ளைகள் சாக்லெட் இப்போது இருக்கும் அலமாரியைத்தான் காட்டினார்கள். அது மாறிய விஷயம் மாக்சிக்குத் தெரியாதே என்ற நினைப்பு அவர்களுக்கு வரவில்லை. நான்கு, ஐந்து வயதில்தான் இது மெல்லப் பிடிபடத் தொடங்கும்.

அதனால் "ஒழுங்காக அறிமுகப்படுத்து" என்று நான் சொல்வதே இல்லை. "பாட்டிக்கு இவனைப் பற்றி என்ன தெரியாது?" என்று கேட்பேன். இந்த ஒரு கேள்வி போதும், பிள்ளை யோசிக்க ஆரம்பித்துவிடும்.

ஆண்டு நடுவில் ஹரிஷ் என்று ஒரு பையன் வந்து சேர்ந்தான். காலையெல்லாம் ஆரிப்போடு மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். பசியாறும் நேரத்தில் ஆரிப்பைக் கூப்பிட்டு, "புதுக் கூட்டாளியை எல்லாருக்கும் சொல்லு. அவங்களுக்கு என்ன தெரியாதுன்னு யோசிச்சுச் சொல்லு" என்றேன். ஹரிஷின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அப்புறம் மெதுவாக அவன் பக்கம் திரும்பி, மலாயில், "உன் பேர் என்ன?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பேர் தெரியாமலே பிள்ளைகள் மணிக்கணக்காக விளையாடுவார்கள், அவர்களுக்கு அது தேவைப்படாது. மற்றவர்களுக்குத் தேவைப்படும் என்று ஆரிப்புக்கு அன்றைக்குத் தோன்றிவிட்டது.

பேருக்கு அடுத்து என்ன சொல்வது என்பதில்தான் பெரியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடி லிப்டில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர், தமிழ்ப் பையன் ஒருவனிடம் "யாருடா இது?" என்று கேட்டார். "சைனீஸ் பையன்" என்றான். கூட நின்றவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தச் சொல் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு லிப்டின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு இது எங்கிருந்து வருகிறது? "அந்தச் சீனப் பையன்", "அந்த மலாய்ப் பொண்ணு" என்று வீட்டில் நாம் பேசுவதைக் கேட்டுத்தான். வீட்டில் நாம் பேர் சொல்லிப் பேசினால் பிள்ளையும் பேர் சொல்லும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இது: பேரைச் சொல், பிறகு அவனுக்குப் பிடித்ததையோ நீங்கள் சேர்ந்து செய்வதையோ ஒன்று சொல். நிறம், உடம்பு, குறை எதுவும் வேண்டாம். காதுக் கருவி போட்டிருக்கும் ஒரு பையனை அவன் கூட்டாளி "இவனுக்குக் காது கேக்காது" என்றுதான் அறிமுகப்படுத்துவான். அந்தப் பையனிடமே போய், "உன்னைப் பற்றி என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். "வலது பக்கம் நின்னு பேசச் சொல்லுங்க" என்றான். இப்போது கூட்டாளியும் அதையேதான் சொல்கிறான். சொந்த விஷயமாக இருந்தால் சம்பந்தப்பட்ட பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது மற்றவர்களுக்கும் அதிலிருந்து பழகிவிட்டது.

மனதில் நிற்பது ஒரு தைப்பூசம். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், தண்ணீர்ப்பந்தலில் ஆறு வயது காவ்யாவின் பாட்டி மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். இங்கே சீனர்களும் ரதத்துக்குத் தேங்காய் உடைக்க வருவார்கள். வகுப்புத் தோழி ஹுய் மின் அப்படி அம்மாவோடு வந்தாள். காவ்யா அவளை இழுத்து வந்து, "பாட்டி, இவ ஹுய் மின். எங்க வகுப்பு. தேங்கா உடைக்க வந்திருக்கா" என்றாள். உடனே அந்தப் பக்கம் திரும்பி, மலாயில், "இவங்க என் பாட்டி. உங்க ஹொக்கியன் பேசுவாங்க" என்றாள். ஹொக்கியன் இங்கே சீனர்கள் பேசும் ஒரு மொழி. இந்த ஊர்ப் பழைய ஆட்கள் பலரைப் போலப் பாட்டிக்கும் சந்தை ஹொக்கியன் அத்துப்படி. "சாப்பிட்டியா?" என்று அதிலேயே கேட்டார். அதுவரை அம்மா கையை விடாமல் நின்ற ஹுய் மின் முன்னால் வந்து மோர் வாங்கிக்கொண்டாள். இவளுக்கு எது தெரிந்தால் கூச்சம் போகும், அவருக்கு எது தெரிந்தால் பேச வரும் என்று அந்தச் சின்ன மண்டையில் ஓடியிருக்கிறது பாருங்கள். ஹொக்கியனைப் பற்றிச் சொல்லும்படி யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

சில்லறை விஷயங்களும் உண்டு. சுட்டு விரலை நீட்ட வேண்டாம், மலாய்க்காரர்கள் செய்வதுபோல் வலது கட்டை விரலாலோ விரித்த கையாலோ காட்டினால் நல்லது. லிம் வெய் ஜியே என்றால் லிம் குடும்பப் பெயர், கூப்பிட வேண்டியது வெய் ஜியே. மலாய்க்காரர் பெயரில் பின்னால் வருவது நம்மைப் போலவே அப்பா பெயர், ஆகவே அதைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூச்சப்படும் பிள்ளை கையை மட்டும் காட்டட்டும், பேரை நீங்கள் சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னாலும் "சொல்லு, சொல்லு" என்று குத்திக் கிளறினால் அடுத்த முறை கூட்டாளியையே அழைத்து வராது.

பிள்ளை தன் பங்கைச் செய்த பிறகு பெரியவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வந்த பிள்ளையிடம் "அப்பா என்ன வேலை? எத்தனை மார்க்?" என்று விசாரணை வேண்டாமே! "தாத்தா, இவன் வெய் ஜியே, டைனோசர் நல்லா வரைவான்" என்று பேரன் சொன்னதும், என் மாணவன் ஒருவனின் தாத்தா பழைய நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பேனாவோடு மேசையில் வைத்தாராம். பையன் வரைந்தான், ஒவ்வொன்றின் பேரையும் தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தான், தாத்தா தப்பாகச் சொல்லச் சொல்லத் திருத்தினான். அதே வெய் ஜியே போன வாரம் தன் தம்பியை வகுப்பு வாசலுக்கு இழுத்து வந்தான். விரித்த கையால் அவனைக் காட்டி மலாயில் சொன்னான்: "டீச்சர், இவன் என் தம்பி, வெய் ஹாவ். இவனுக்கு லாரின்னா உயிர்."