ஹைக்கூ ஓஎஸ்ஸில் மெமரியைக் குறைத்த அனுபவங்கள்

512 எம்பி ரேம் கொண்ட பழைய லேப்டாப்பில், விண்டோஸ், லினக்ஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான ஹைக்கூவை ஓட்டுகிறேன். ரேம் எப்போதும் நிரம்பியே தெரிந்தது. மெமரிக் கணக்கை வரைபடமாகக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் பயன்படும் மெமரியையும் கேஷையும் தனித்தனிக் கோடாகப் போட்டுப் பார்த்தால், பெரும்பகுதி ஃபைல் கேஷ், அதாவது டிஸ்கில் படித்த ஃபைல்களை மறுபடி தேவைப்படலாம் என்று ரேமில் வைத்திருக்கும் நகல். வேறு புரோகிராம் கேட்டால் கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அதைத் தானாகவே விட்டுக்கொடுத்துவிடும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிஜமாகவே இடம் கிடைத்தது வால்பேப்பரை எடுத்தபோதுதான். ஜேபெக் ஃபைல் சில நூறு கேபிதான் இருக்கும். ஆனால் 1920×1080 படம் மெமரியில் விரிந்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 8 எம்பிக்கு மேல் போகிறது. ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸுக்கும் (மாற்றி மாற்றிப் பார்க்கும் தனித்தனி டெஸ்க்டாப்) வேறு படம் வைக்கும் ரசனைக்காரர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

எனக்கு வில்லன் ரெப்ளிகன்ட், அதாவது ஒரு புரோகிராமிலிருந்து எடுத்து டெஸ்க்டாப்பில் ஒட்டிவைக்கும் சின்னக் கருவி. டெஸ்க்டாப்பையும் ஃபோல்டர்களையும் காட்டும் ட்ராக்கரின் மெமரி மெதுவாக ஏறிக்கொண்டே போகும், ரீஸ்டார்ட் செய்தால் இறங்கும், அப்புறம் பழையபடி. ட்ராக்கரில்தான் பக் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் டெஸ்க்டாப்பில் இழுத்துப் போடும் ரெப்ளிகன்ட் தனி டீமாக (ஹைக்கூவில் பிராசஸுக்கு அதுதான் பெயர்) ஓடுவதில்லை. தன்னை வைத்திருக்கும் புரோகிராமுக்குள்ளேயே ஓடுகிறது. அது மெமரியைக் கசியவிட்டால் பழி ட்ராக்கர் தலையில். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிராசஸ் கன்ட்ரோலர் டீம் வாரியாக மட்டுமே கணக்குக் காட்டுவதால், ரெப்ளிகன்ட்டின் பெயர் அதில் வராது. ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுக் காத்திருந்துதான் பிடிக்க முடிந்தது.

---

ஸ்வாப்பை (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) அணைத்தால் இன்னும் இலகுவாக ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லினக்ஸ் பழக்கத்தில் வரும் யோசனை அது. லினக்ஸ் வழக்கமாகக் கையில் இருப்பதைவிட அதிகமான மெமரியைத் தருவதாகப் புரோகிராம்களுக்கு வாக்குக் கொடுக்கும். ஹைக்கூ பெரும்பாலும் ரேமும் ஸ்வாப்பும் சேர்ந்த அளவுக்குள்தான் மெமரி ஒதுக்கும். ஸ்வாப் ஒரு பைட்கூடப் பயன்படாவிட்டாலும், அது இருப்பதாலேயே சில புரோகிராம்கள் திறக்கின்றன. விர்ச்சுவல் மெமரி செட்டிங்கை ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிடுங்கள்.

ஆனால் வேண்டாத பேக்கேஜ்களை நீக்குவது பலன் தரும். ஹைக்கூவில் பேக்கேஜ் பிரித்து நிறுவப்படுவதில்லை, அப்படியே ஒரு டிஸ்க் போல சிஸ்டத்தோடு இணைகிறது (மவுன்ட்). உள்ளே இருக்கும் ஃபைல்களின் விவரங்களை கர்னல் மெமரியில் வைத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள டெவலப்மென்ட் பேக்கேஜ்களில் இது தெரியும்.

---

எல்லாம் சரி, ப்ரவுசரைத் திறந்து நாலு டேப் போட்டால் இப்படிச் சேர்த்ததெல்லாம் ஒரே மூச்சில் காலி. ஹைக்கூவோடு வரும் ப்ரவுசரான வெப்பாசிட்டிவுக்குப் பதில் நெட்சர்ஃப் என்ற சின்ன ப்ரவுசரைப் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. ஜாவாஸ்கிரிப்ட் அதிகம் கேட்காத பக்கங்கள் அதில் நன்றாகவே வருகின்றன. வங்கி வேலைக்கு வேறு கம்ப்யூட்டர்தான்.